சுனாமியைப் படமெடுப்பவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், இயக்குநர்களுக்கும், ஓடிடி தளங்களில் எந்தப் படம் வரவேண்டும் என்று முடிவுசெய்பவர்களுக்கும்,

சுனாமியை வைத்து எடுத்த ஒரு படம் சில மாதங்களுக்கு முன் ஓடிடியில் வந்தது. அதன் பெயரையும் எடுத்தவர்கள் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்குத் தனியாகக் கடிதம் அனுப்பினேன், பதில் வரவில்லை. உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் செய்ததை நாளைக்கு உங்களில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், கேட்பதற்கு ஆளில்லை.

அந்தப் படத்தில் அலை வந்து போனதும், நிஜமாக எடுத்த செய்திக் காட்சிகளைக் கொஞ்ச நேரம் ஓட்டுகிறார்கள். 2004 டிசம்பர் 26, 27 தேதிகளில் எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்தவை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடத்திய உடல்கள். பொக்லைன் தோண்டிய குழி. மூக்கில் துணி கட்டிக்கொண்டு கைகால் பிடித்துத் தூக்குகிறவர்கள். ஒரு முகத்தைக்கூட மறைக்கவில்லை. பின்னால் சோகப் பாட்டு ஓடுகிறது.

வராந்தா வரிசையின் ஓரத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி கிடக்கிறாள். எங்கள் தெருப் பிள்ளை அவள். அவளுடைய அம்மா இப்போதும் எங்கள் சுனாமி குடியிருப்பில்தான் இருக்கிறார், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு மகளின் உடல் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு மண்டபமாகப் போய்ப் பார்த்தார். அடையாளம் தெரியாதவர்களின் போட்டோக்களை வைத்திருந்த இடத்தில் நாள் கணக்கில் நின்றார். யாராவது தூக்கிக்கொண்டு போய் வளர்க்கிறார்கள் என்றுகூடப் பல வருடம் நம்பினார். அந்த அக்கா, பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு படத்தில் மகளைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் பின்னாடி ஓட்டு" என்றார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டிக் காட்டினான். திரும்பத் திரும்பக் கேட்டார். கத்தவில்லை, அழவும் இல்லை. பிறகு என்னிடம் வந்து, "எந்தக் குழியில போட்டாங்கன்னு அந்தப் படத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா?

நான் கீச்சாங்குப்பத்தில் பிறந்தவள். அன்று எனக்குப் பதினான்கு வயது. அம்மாவும் தம்பியும் போய்விட்டார்கள். இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். என் வகுப்பில் இருக்கிற எல்லோரும் சுனாமிக்கு அப்புறம் பிறந்தவர்கள். டிசம்பர் 26 அன்று கடலில் ஏன் பால் ஊற்றுகிறோம், அன்றைக்கு ஏன் யாரும் தொழிலுக்குப் போவதில்லை என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். சொல்லாத வீடுகளும் நிறைய. அதனால் சுனாமியைப் பற்றிப் படமே எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு நான் வரவில்லை. எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் செத்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகை மாவட்டம் ஒன்றில் மட்டும். இத்தனை பெரிய சாவை ஒரு சமூகம் தன் கதைகளில் சொல்லாமல் விட்டால்தான் தப்பு.

ஆனால் இதுவரை எங்களுக்குக் கிடைத்தது என்ன? காதலர்களைப் பிரிப்பதற்கு ஓர் அலை. வில்லனைச் சாகடிப்பதற்கு ஓர் அலை. 2008-ல் வந்த தசாவதாரத்தின் முடிவில், சுனாமி கொண்டுவந்த உப்புத் தண்ணீர் ஒரு கொடிய கிருமியை அழித்து மக்களைக் காப்பாற்றுகிறது. கற்பனையாக அது சாமர்த்தியமாக இருக்கலாம். அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துச் செத்தவர்களின் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யாராவது ஒருவர் எழுதும்போதே கேட்டிருக்கலாம். வெளிநாட்டிலும் இதே கதைதான். தாய்லாந்தில் சுனாமியில் சிக்கிப் பிழைத்த ஒரு ஸ்பெயின் நாட்டுக் குடும்பத்தின் கதையை 2012-ல் 'தி இம்பாசிபிள்' என்று எடுத்தார்கள். அந்தத் தாய் கூடவே இருந்து உதவியதால் வலியும் காயமும் அவ்வளவு உண்மையாக வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கரையிலேயே பிறந்து வாழ்ந்து அன்றைக்கு மொத்தக் குடும்பத்தையும் இழந்த தாய்லாந்து மக்கள், வெள்ளைக்காரக் குடும்பத்தைத் தூக்கி விடுகிற கைகளாக மட்டும் வந்து போகிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் ஆட்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

சுனாமியில் எப்படிச் செத்தார்கள் என்பதுகூட உங்கள் படங்களில் சரியாக இல்லை. என் அம்மாவை அலை வாரிக்கொண்டு போகவில்லை. தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்ச் சீமைக்கருவேல முள்ளில் போட்டது, சேலை சிக்கிக்கொண்டது, அவிழ்த்துக்கொண்டு வர முடியவில்லை. அப்பா பார்த்தபோது அம்மாவின் தலைமுடியும் முள்ளில் சுற்றியிருந்தது. எங்கள் கரையில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும் அதிகம் செத்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை, போட்டுகள் கரைக்கு வருகிற நேரம். மீன் எடுக்கக் கூடையோடு நின்றவர்கள் பெண்கள். பெண் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் நீச்சல் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஓடுகிறபோது இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் பையன்கள் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் தம்பியும் அங்கேதான் இருந்தான். முந்தின நாள் கிறிஸ்துமஸ், வேளாங்கண்ணிக்கு எங்கெங்கிருந்தோ வந்திருந்தவர்கள் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எங்களிடம் கேட்டால்தான் தெரியும்.

அப்புறம், அலையை மட்டும் காட்டினால் அது ஏதோ சாமி குத்தம் மாதிரி ஆகிவிடுகிறது. சுமத்ரா பக்கம் பூமி ஆடியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. நாகைக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நடுவில் கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே மூழ்கியது. எங்களுக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. பூமி ஆடியதைச் சொல்லும் ஃபேக்ஸ், பதவியில் இல்லாத பழைய அமைச்சரின் முகவரிக்குப் போன கதையை அப்போது பத்திரிகைகள் எழுதின. இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. ஹைதராபாத்தில் அந்த மையம் வேலை செய்ய ஆரம்பித்தது 2007-ல்தான். இத்தனை மணி, இத்தனை மைல், இத்தனை அலுவலகம். நல்ல திரைக்கதை ஆசிரியர் ஒருவருக்கு இதில் விஷயம் இல்லையா?

நல்லவாடு கதையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? புதுச்சேரி பக்கத்து மீனவ கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் கூப்பிட்டுச் சொன்னார்கள், ஊரே மேட்டுக்கு ஓடிப் பிழைத்தது. வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில், 2002-ல் ஒரே நாளில் எண்பதாயிரத்துக்கும் மேல் கன்று நட்டு கின்னஸில் பெயர் வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் அந்த மரங்களே அலைக்குக் குறுக்கே நின்றன. ஒரு போன், ஒரு மைக், ஒரு சவுக்குத் தோப்பு இருந்த ஊர் பிழைத்திருக்கிறது, இல்லாத ஊர் செத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்புகிற படம் இதுதான்.

அலைக்குப் பிறகு நடந்ததை யாரும் தொடுவதே இல்லை. இருந்த பிள்ளைகளையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்த தாய்மார்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். மறுபடி பிள்ளை பெறுவதற்கான அறுவை சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது. சிலருக்குப் பலித்தது, சிலருக்கு இல்லை. பலித்த வீடுகளில் செத்த பிள்ளையின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் என்னிடம் படித்தவர்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது, இன்னொருவர் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிற அந்த முகத்தைப் பார்ப்பேன். நிவாரண வரிசையில் தலித் மக்களை ஒதுக்கியதும் அதே நாட்களில் நடந்ததுதான், மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுதி வைத்திருக்கின்றன. எங்கள் ஆட்களுக்குச் சங்கடமான உண்மை அது, அதையும் காட்டுங்கள்.

இப்போது படப்பிடிப்பைப் பற்றி. வேறொரு படத்துக்காகச் சில வருடங்களுக்கு முன் எங்கள் கரைக்கு ஆட்கள் வந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுவரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசு இல்லாத நேரம். பிணமாகப் படுத்துக்கிடக்க ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் கேட்டார், நாள் கூலி பேசினார். எங்கள் பெண்கள் போனார்கள். உடம்பில் சேற்றைப் பூசி, 2004-ல் உடல்கள் ஒதுங்கிய அதே மணலில் படுக்க வைத்தார்கள். உட்கார்ந்து அழ வேண்டிய காட்சியில் ஒருவர், "நல்லா அழுங்கம்மா, அன்னிக்கு அழுத மாதிரி" என்று மைக்கில் சொன்னார். என் சித்தி அங்கே இருந்தார். அன்று சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு வந்து குளித்தவர், அதற்குப் பிறகு பல ராத்திரி தூங்கவில்லை. அந்த ஆள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் முன்னால் இருந்தவர்கள் யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கேட்டுச் செய்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். தென்கொரியாவில் 2014 ஏப்ரல் 16-ல் செவோல் என்ற கப்பல் மூழ்கி 304 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். அதைப் பற்றி 2019-ல் 'பிறந்தநாள்' என்ற படத்தை எடுத்த லீ ஜோங்-உன், அதற்கு முன்னால் அந்தப் பெற்றோர்கள் இருக்கிற ஆன்சான் நகரத்துக்குப் போய்த் தன்னார்வலராக வேலை செய்தவர். படத்தின் கதை கப்பல் கவிழ்வதைப் பற்றியது இல்லை. போய்விட்ட மகனின் பிறந்தநாளுக்கு எல்லோரையும் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒரு வீட்டுக்குள் நடக்கிற போராட்டம். நான் சப்டைட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்காமல் இத்தனை சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1997-ல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீயில் 59 பேர் செத்தார்கள். மகளையும் மகனையும் அங்கே பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி நீதிமன்றத்தில் பல வருடம் போராடிப் புத்தகமும் எழுதினார்கள். 2023-ல் வந்த தொடர் அந்தப் புத்தகத்தின் மேல் கட்டியது. யார் கதவைப் பூட்டியது, யார் கூடுதல் நாற்காலி போட்டு வழியை அடைத்தது என்று கேள்வி கேட்கிறது. பறிகொடுத்தவர்களின் கேள்வியே கதையாகியிருக்கிறது.

எவ்வளவு காலம் ஆனாலும் இது ஆறாது என்பதற்கும் சாட்சி உண்டு. 1997-ல் வந்த 'டைட்டானிக்' படத்தில், வில்லியம் மர்டாக் என்ற கப்பல் அதிகாரி பயணியைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொள்வதாகக் காட்டினார்கள். அப்படி நடந்தது என்று உறுதியான ஆதாரம் இல்லை. ஸ்காட்லாந்தில் அவருடைய ஊர்க்காரர்கள் விடவில்லை. கப்பல் மூழ்கி 86 வருடம் கழித்து, 1998-ல், பட நிறுவனத்தின் துணைத் தலைவர் அந்த ஊருக்கே போய் வருத்தம் தெரிவித்தார். மர்டாக் பெயரில் உள்ள பள்ளிப் பரிசு நிதிக்கு 5,000 பவுண்டும் கொடுத்தார்கள். நடித்துக் காட்டிய ஒரு சாவுக்கே அவ்வளவு தூரம் போனார்கள். எங்களுடையது நடிப்பில்லாத நிஜ உடல்.

நம் நாட்டுப் படங்களில் ஒருவர் சிகரெட் பற்ற வைத்தால் ஓரத்தில் எச்சரிக்கை வரி ஓட வேண்டும். 2023-ல் இருந்து ஓடிடிக்கும் அந்த விதி வந்துவிட்டது. ஒரு மாடு நடித்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் நல்ல விதிகள். அதே படத்தில் ஒரு தாய்க்குத் தெரியாமல் அவள் மகளின் உடலைக் காட்டினால் எந்தப் படிவமும் கிடையாது, எந்த வாரியமும் கிடையாது. தொடக்கத்தில் 'இதில் வரும் பெயர்கள், சம்பவங்கள் யாவும் கற்பனையே' என்று ஒரு அட்டை. மஞ்சள் பாவாடை கற்பனையா?

எங்கள் குடியிருப்பில் பத்து நாள் எல்லோரிடமும் பேசி, நாங்கள் கேட்பது இவைதான்.

முதலில், இறந்தவர்களின் நிஜக் காட்சிகள் உள்ள படங்களிலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் முகங்களையாவது மறையுங்கள். அந்தக் காட்சியை எந்தத் தொலைக்காட்சியிடம் வாங்கினீர்கள், எந்த இடத்தில் எந்த நாளில் எடுத்தது என்ற விவரத்தை, கேட்கிற குடும்பத்துக்கு எழுத்தில் கொடுங்கள். முழுப் பதிவையும் அவர்கள் பார்க்க வழி செய்யுங்கள். எங்களில் பலருக்கு உடல் எங்கே போனது என்பதே இன்னும் தெரியாது. உங்களிடம் காசுக்கு வாங்கிய காட்சியாகக் கிடப்பது எங்களுக்குக் கடைசித் தடயம்.

இனிமேல் எடுக்கிறவர்கள் எழுதத் தொடங்கும்போதே ஊருக்கு வாருங்கள். பஞ்சாயத்தாரை மட்டும் பார்த்துச் சால்வை போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், பெண்களோடு தனியாக உட்காருங்கள். எங்கள் அனுமதி இல்லாமல் கதையே எழுதக்கூடாது என்று கேட்கவில்லை. எழுதுவது உங்கள் உரிமை. எங்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்கிறோம். வெளியிடுவதற்கு முன் எங்கள் ஊரில் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

துணை நடிகராகக் கூப்பிடுகிறபோது என்ன காட்சி, எங்கே, என்ன செய்யச் சொல்வீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். குடும்பத்தில் பறிகொடுத்தவர்களைப் பிணமாகப் படுக்க வைக்காதீர்கள். படப்பிடிப்பு நடக்கிற நாட்களில் ஒரு மனநல ஆலோசகர் அங்கே இருக்கட்டும், செலவு உங்களுடையது.

ஓடிடி தளங்களுக்குத் தனியாக ஒன்று. 2021 விதிகளின்படி வயதுப் பிரிவும், வன்முறை போன்ற குறிப்புகளும் ஏற்கெனவே போடுகிறீர்கள். அதோடு 'நிஜப் பேரிடர், நீரில் மூழ்கும் காட்சிகள்' என்று தெளிவாகத் தமிழில் போடுங்கள், எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்றும் சொல்லுங்கள். உங்கள் தளத்தைத் திறந்த உடனே அலையின் சத்தம் தானாக ஓடுகிற மாதிரி முன்னோட்டம் வைக்காதீர்கள். எங்களுக்கு அன்றைக்கு முதலில் கேட்டதே ஹெலிகாப்டர் தாழப் பறக்கிற மாதிரியான அந்தச் சத்தம்தான். என் சித்தப்பா இன்றைக்கும் அதைக் கேட்டால் வீட்டை விட்டு வெளியே போய்விடுவார்.

நிஜச் சம்பவத்தை எடுத்துவிட்டு 'யாவும் கற்பனையே' என்று போடுவதை நிறுத்துங்கள். எது நடந்தது, எதை நீங்கள் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இவற்றை உங்கள் சங்கங்கள் சேர்ந்து எழுத்துப்பூர்வமான நடைமுறையாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை நாகப்பட்டினத்தில் எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டம் போட மண்டபம் எங்கள் பொறுப்பு. சங்கத்துக்கு இரண்டு பேராவது, அதில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், எந்தத் தேதியில் வருவீர்கள் என்று வரும் டிசம்பருக்குள் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கீச்சாங்குப்பத்து மகள் ஒருத்தி,
நாகப்பட்டினம்.